அம்மா இடித்த கூரை

எங்கள் வீட்டில் பகல் வாசலோடு சரி. உள்ளே வராது. மார்க்கையன்கோட்டையில் எங்களைப் போல நெல் விளைவிக்கிற குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான் வீடு கட்டியிருந்தன. மண்சுவர், ஒரு முழக் கனம். மேலே ஓடு. சன்னல் என்ற பேச்சே கிடையாது. வைத்தால் கள்ளன் வருவானாம். அந்த வீட்டைக் கட்டியவன் எவனும் ஒருநாள்கூட அதற்குள் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கியிருக்க மாட்டான்.

இருப்பதிலேயே இருட்டு, உள்ளறை. நெற்குதிர் அங்கேதான். பெண்கள் பிள்ளை பெறுவதும் அங்கேதான். பெற்றவளும் பிள்ளையும் தீட்டுக் கழிகிற வரை வெளியே தலைகாட்டக் கூடாது. துணைக்கு ஓர் எண்ணெய் விளக்கு. அந்த வெளிச்சத்தில் யாரைப் பார்த்தாலும் மஞ்சளாகத்தான் தெரியும்.

எனக்குப் பின் பிறந்த தம்பியும் அப்படித்தான் தெரிந்தான். யாரும் எதுவும் நினைக்கவில்லை. தீட்டுக் கழிந்து அவனை முற்றத்து வெயிலுக்குத் தூக்கி வந்த பெரியம்மா போட்ட அலறல் எனக்கு நினைவிருக்கிறது. மஞ்சளை அரைத்துப் பூசியது போல் இருந்தான். கண்கூட மஞ்சள். வண்டி கட்டிக்கொண்டு சின்னமனூர் வைத்தியரிடம் ஓடினார்கள். "மொதல்லயே கண்ணுல பட்டிருந்தா ஏதாச்சும் பாத்திருக்கலாம்" என்று அவர் கையை விரித்துவிட்டார். மறுநாள் மத்தியானம் பெரியப்பா அவனைத் துணியில் சுற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்.

அம்மா அழுது முடித்தாள். அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும், உள்ளறைக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

வீடு பெரியப்பா சொல்படி நடந்தது. அப்பா அவருக்குத் தம்பி. தம்பியாக இருப்பதைத் தவிர அப்பா அந்த வீட்டில் வேறெதுவும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. புருஷனின் அண்ணனிடம் பெண்கள் நேராகப் பேசக் கூடாது. அதனால் அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பாள். பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்திருப்பார். நடுவில் நான்.

"ஓட்டப் பிரிச்சு ஒரு கண்ணாடி பதிச்சாப் போதும்னு பெரியப்பாகிட்டச் சொல்லு."

"களவாணிப்பய எறங்க வழி பண்ணிக் குடுக்கவான்னு உங்க ஆத்தாகிட்டக் கேளு."

"இந்த வீட்டுல களவாங்க என்ன இருக்குன்னு கேளு. வைத்தியர் சொன்னாகளே, அது மறந்துபோச்சான்னு கேளு."

"பச்சப்புள்ளைய காத்துக்கருப்பு அண்டும்னு சொல்லு. வாய அடக்கச் சொல்லு."

நான் வாயைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது. ஆனாலும் நான் அங்கே நின்றாக வேண்டும்.

ஒருநாள் ஆண்கள் நடவுக்குப் போயிருந்தார்கள். அம்மாவுக்கு நிறைமாதம். தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, உலக்கையுடன் உள்ளறைக்குள் போனாள். கூரை தாழ்ந்த பக்கமாக நின்று மேல்நோக்கி ஓங்கி இடித்தாள். ஓடு உடைந்து ஒட்டடை, எலிப்புழுக்கை, பல காலத்துத் தூசி எல்லாம் கொட்டின. அதற்குப் பிறகு வெளிச்சம் விழுந்தது. அம்மா சாக்கை உதறிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள்.

சாயங்காலம் பெரியப்பா வீடு அதிரக் கத்தினார். "ஏலே, உம் பொண்டாட்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சாடா?"

மறுநாள் அப்பா ஏணி போட்டு ஏறிப் புது ஓட்டைச் சொருகினார். அவர் வயலுக்குப் போனதும் அம்மா இடித்தாள். அவர் மறுபடி சொருகினார். அவள் மறுபடி இடித்தாள்.

"அவதான் விட மாட்டேங்கிறாளே, நீங்களாச்சும் விடக் கூடாதா?" என்று பெரியம்மா தன் புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள். பலனில்லை. தன் தம்பிக்குத் துப்பில்லை என்று, பெரியப்பாவே ஓட்டை எடுத்துக்கொண்டு ஏணிக்கு வந்தார்.

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். நான் என் வேலையைச் செய்யத் தயாராக நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"மச்சான், எம்புள்ளையக் கொண்டுபோயிப் பொதச்சது நீங்க. நல்ல வெயில்ல தூக்கிட்டுப் போனீக. அவன் மொகம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு மூடுங்க."

ஏணியில் வைத்த காலை அவர் கீழே எடுத்தார். அப்புறம் ஓட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். மனம் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாகிறவரை அந்த அறைப் பக்கம் தலை திருப்பாமல்தான் நடந்தார்.

அடுத்த சந்தைக்குத் தேனி போன அப்பா, வைக்கோலில் சுற்றி ஒரு கண்ணாடி கொண்டுவந்தார். அவரே ஏறிப் பதித்தார். அண்ணனைக் கேட்காமல் அவர் ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த தம்பி பிறந்தான். காலையில் வெயில் கண்ணாடி வழியாக இறங்கியதும், அது விழுகிற இடத்தில் பாயைப் போட்டு அம்மா அவனைக் கிடத்தினாள். கிடத்திவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏ புள்ள, நீ பாத்துச் சொல்லு. எப்படி இருக்கான்? பொய் சொல்லக் கூடாது."

எனக்கு அவன்மேல் கோபம். அவன் வந்ததிலிருந்து எனக்குத் தலை சீவிவிட ஆளில்லை.

"கருப்பா இருக்கான். அடுப்புக்கரி மாதிரி. அசிங்கமா இருக்கான்."

"கண்ணு? கண்ணுக்குள்ள?"

"வெள்ள வெளேர்னு இருக்கு. ஆந்தை கணக்கா முழிக்கிறான்."

அம்மா திரும்பினாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள், சிரித்தாள், கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "இன்னொருக்காச் சொல்லு ஆத்தா" என்றாள்.

அவள் பெற்ற பிள்ளையை இவ்வளவு கேவலமாகப் பேசுகிறேன், அறை விழாமல் முத்தம் விழுகிறதே என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் காலை, அதைவிட மோசமாக என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனேன்.