ஒரு மணி நேரம் கொதித்த ரசம்

உருது கலந்த தமிழ் பேசுகிற போலாரம் ஊர்ப் பேபிக்குத் தன் மகனைப் பற்றி ஒரு விஷயம் சர்வ நிச்சயமாகத் தெரியும்: மேத்யூவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னால் லைட்டரைத் தலைகீழாகப் பிடிப்பான். அந்தப் பிள்ளைதான் ராணுவத்தில் சேர்ந்தான். எல்லையில் சண்டை மூண்டதும் அவன் போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். பேபிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருவழியாகக் கடிதம் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். கணவர் சிலாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சர்ச்சில் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

“அம்மா, பயப்படாதே. சண்டைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. என்னைச் சமையலில் போட்டிருக்கிறார்கள். தினமும் ரசம் நான்தான். புளியைக் கொட்டையோடு மிக்ஸியில் அடித்து, ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்குவேன். எல்லாரும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.”

“தேங்க் காட்! கிச்சன்ல இருக்கான். இனி கைக்கு டென்ஷன், எதுக்கு டென்ஷன்?” என்று சிலாஸ் நாற்காலியில் சாய்ந்தார்.

பேபி கடிதத்தைப் பிடுங்கி அந்த இடத்தை மறுபடி படித்தாள். நுரை கட்டியதும் இறக்க வேண்டிய ரசத்தை ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறவனை யார் சமையலில் வைத்திருப்பார்கள்? துப்பாக்கியைக் கொடுத்து முன்னால் அனுப்பிவிடுவார்கள். ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் துப்பில்லையே என்று அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அதைச் சமையலறையிலேயே முடித்துக்கொண்டாள். கணவரிடம் சொல்லவில்லை. அவராவது தூங்கட்டும்.

அன்றே பதில் எழுதினாள்: “ரசம் பக்குவம் பிரமாதம். அப்படியே வை. நான் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறேன்.”

சண்டை ஓய்ந்து லீவில் வந்தவன் கறுத்து இளைத்திருந்தான். இடது காது சரியாகக் கேட்கவில்லை. ஜலதோஷம் என்றான். பேபி கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

“ரசம் வை.”

“இப்ப நக்கோம்மா, வேணாம், டயர்டா இருக்கு.”

“ஊருக்கே வச்சியாமே. அம்மாவுக்கு வைக்க மாட்டியா?”

தப்ப வழியில்லை. மிக்ஸிக்குள் புளியங்கொட்டை கடகடவென்று அலறியது. கொதித்துக் கொதித்து ரசம் குழம்பாயிற்று. சிலாஸ் ஒரு வாய் குடித்தார்.

“இதையாடா கேட்டு வாங்கிக் குடிச்சானுங்க?” என்று சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். மகனுடைய காதைப் பார்த்தார். டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

பேபி தன் டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“அம்மா, நிஜமா நான் அங்க...” என்று ஆரம்பித்தான் மேத்யூ.

“நல்லாத்தான் இருக்கு. இன்னொரு டம்ளர் ஊத்துடா,” என்றாள் பேபி.