நெருஞ்சிக் காணி

சைக்கிளால் விழுந்து கால் முறிந்த பிறகு என் உலகம் பின்வாசலில் நான் உட்கார்ந்து கிடந்த ஒரு கதிரையோடு முடிந்துபோனது. முன்னால் எங்கள் வெறுங்காணி, அதற்கப்பால் கடல். காணியில் கட்டைப் புல்லும் நெருஞ்சி முள்ளும்தான். அந்த நெருஞ்சியைச் சுற்றி நகத்தளவு நீல வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும். அவை இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

வயல் விதைத்ததும் மாடுகளைக் கடற்கரைப் பக்கம் சாய்ப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த முறையும் பக்கத்துத் தெரு நானா தன் மாட்டுப் பட்டியோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என் மனைவி தடியோடு பாய்ந்தாள்.

"இந்த மனிசன் பாக்கிறதே இந்தப் பூச்சியளைத்தான். அதையும் உழக்கிப் போடாதேங்கோ!"

அடுத்த நாளே தன் கையாலேயே முட்கம்பி வேலி அடித்தாள். கையெல்லாம் கீறல். எனக்காக அடைத்த வேலி, நான் வாய் திறப்பேனா?

மழை கொட்டியது. மேய மாடில்லாத புல் இடுப்பளவு எழும்பி நெருஞ்சியை மூடிக் கொன்றது. நெருஞ்சி இலையில் முட்டையிடுகிற பூச்சிகளும் போய்விட்டன. வேலிக்கு அப்பால் நானாவின் மாடுகள் மேய்ந்த இடத்தில்தான் நீலம் பறந்தது. எனக்கு அழுகையே வந்தது.

"இப்ப வடிவா இருக்கோ?" என்று பின்னேரங்களில் கேட்பாள்.

"ஓம், நல்ல வடிவு" என்று வேலிக்கு அப்பால் பார்த்தபடி சொல்வேன். எனக்குப் பொய் சொல்லவும் வராது, அவளை நோகப்பண்ணவும் வராது.

ஒருநாள் தேத்தண்ணியோடு வந்தவள் நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பினாள். வேலிக்கு அப்பால். மாடுகள் மேய்ந்த கட்டைப் புல்லில் நீலம் பறந்தது. பிறகு கோப்பையை என் கையில் திணித்துவிட்டு, வேலி அடித்த குறட்டை எடுத்துக்கொண்டு போய்க் கம்பியை வெட்டினாள். அப்படியே நானாவிடமும் போனாள். திரும்பி வரும்போது அவள் பின்னால் முழுப் பட்டியும் வந்தது.

"இண்டைக்குத் தடி இல்லையோ, டீச்சர்?" என்று நானா சிரித்தார்.

மாடுகள் புல்லோடு வேலியோரம் அவள் ஆசையாய் நட்ட செவ்வரத்தைச் செடியையும் தின்று தீர்த்தன. அவள் தடியைத் தொடவில்லை. அதன்பிறகு தினமும் காலையில் வெறுங்காலோடு காணிக்குள் ஒரு சுற்று நடப்பாள்.

மாசியில் ஒரு காலை நடுக்காணியில் ஒற்றைக் காலில் நின்றாள். உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"இஞ்சாருங்கோ, முள்ளுக் குத்திப் போட்டுது!"