இந்த வாரம் யார் முதலில்

1967 அக்டோபர் 16: 41 கடிதங்கள்
1967 அக்டோபர் 23: 6
1967 அக்டோபர் 30: 2
1967 நவம்பர் 13: 0

எங்கள் வாரப் பத்திரிகைக்கு வாசகர்கள் எழுதும் புகார்களைப் பதிவு செய்வது என் வேலை. மேலே உள்ளவை ஈனிட் கியூபிட் என்ற ஒரே பெண்ணின் கணக்கில் வந்தவை.

ஈனிட் இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக்கில் பிறந்தவர். யார்க்‌ஷயரில் கம்பளி ஆலைகளை நம்பியிருந்த எங்கள் ஊருக்கு வந்து, செய்திகளைத் திருத்தித் தலைப்பிடும் வேலையில் சேர்ந்தார். மேசையில் தேநீர் எப்போதும் ஆறிக் கிடக்கும். அவரைத் தொந்தரவு செய்த கேள்வி ஒன்றுதான்: பலரைச் சேர்த்துச் சொல்ல எந்தச் சொல் சரி?

அந்த அக்டோபரில் ஆலையின் நெசவுப் பெண்களும், நெய்த துணியில் முடிச்சு எடுத்து அறுந்த இழை கோக்கும் பெண்களும் முதன்முறையாகச் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஈனிட் வைத்த தலைப்பு: ‘மில் பொண்ணுகள் வெளிநடப்பு.’

இங்கே பிறந்த எவரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். நெசவுக்காரிகள் தலையில் துணி கட்டி வேலைக்கு வருவார்கள். தங்களை ஒரு படி மேல் என்று நினைத்த இழை கோப்பவர்கள் தொப்பி அணிந்து வருவார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பெஞ்சில் உட்காராது. கடிதங்களில் பெரும்பாலானவை தொப்பிக்காரர்களுடையவை. நெசவுக்காரிகளோடு சேர்த்து எங்களையும் ஒரே பெயரில் கட்டினால், செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குத் திரும்பிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

"என் ஒரு வார்த்தையால ஸ்ட்ரைக்கே உடஞ்சிடுமா?" என்று ஈனிட் என்னைக் கேட்டார். உடையும் என்றேன். கோட்டை எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்குப் புறப்பட்டார். நானும் போனேன்.

கதவுக்கு இடப்புறம் தொப்பிகள், வலப்புறம் தலைத்துணிகள். நடுவில் போய் நின்றார் ஈனிட்.

"எழுதினது நான்தான். உங்களை எப்படிச் சொல்லணும்னு கேக்க வந்தேன்."

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா கண்ணு?" என்றார் நெல்லி சக்டன், தொப்பியைச் சரிசெய்தபடி. "எனக்கு வயசு ஐம்பத்தாறு. மூணு பேரப்பிள்ளைங்க. நான் சின்னப் பொண்ணா? முதலாளிதான் எங்களை அப்படிக் கூப்பிடுவான். அந்தப் பேரு அவங்களுக்கு வேணா பொருந்தும்."

"யாருக்கு? எங்களுக்கா?" வலப்புறமிருந்து ஐவி கிராப்ட்ரீ பாய்ந்து வந்தார். "என் மூட்டு வலிய வந்து பாரு, நான் பொண்ணான்னு தெரியும். அந்தாளு அப்படிக் கூப்பிடறப்பல்லாம் எனக்கும் பத்திக்கிட்டு வரும்."

நெல்லி அவரை உற்றுப் பார்த்தார். "உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."

"நீ எப்ப கேட்ட? இருபது வருசமா தொப்பிய நிமுத்திக்கிட்டுப் போற!"

யாரோ சிரித்தார்கள். ஈனிட் விடவில்லை. "அப்ப என்ன போடட்டும்?"

இரண்டு பெயரையும் போடு என்றார்கள். உடனே அடுத்த சண்டை: யார் முதலில்?

"தலைய எண்ணிப் பாரு, நாங்கதான் அதிகம்," என்றார் ஐவி.

"அப்ப அடுத்த வாரம் நாங்க," என்றார் நெல்லி. "மாறி மாறி வரணும். எனக்குச் சம்மதம்."

அலுவலகத்தில் ஆசிரியர் ஹார்ஸ்ஃபால் புதிய தலைப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இவ்ளோ நீளமா? பத்தி தாங்குமாம்மா?"

"எழுத்தைச் சின்னதாக்கிக்கலாம் ஐயா."

செவ்வாய்க்கிழமை காலை ஒருவரும் ஆலைக்குள் போகவில்லை. இருபதாம் தேதி இதழில் ‘நெசவாளர்களும் இழை கோப்பவர்களும்.’ அடுத்த வாரம் மாற்றி. கூலி உயர்ந்த செய்தி நவம்பர் பத்தாம் தேதி வந்தது. அதில் இழை கோப்பவர்கள் முதலில்.

அதன்பின் புறா வளர்ப்போர், ஊதுகுழல் குழு, காது கேளாதோர் மன்றம் என எவரைப் பற்றி எழுதினாலும் ஈனிட் நேரில் போய்க் கேட்டார். புறாக்காரர்கள் ஒரு மாலை முழுக்க விவாதித்துவிட்டு, முடிவை மறுவாரம் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஈனிட் மறுவாரமும் போனார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஆலையை மூடினார்கள். அந்தச் செய்தியில் ஈனிட் இழை கோப்பவர்களை முதலில் போட்டார். நெல்லியிடமிருந்து கடிதம் வந்தது.

‘கண்ணு, போன தடவை நாங்கதான் முதல்ல. இது அவங்க முறை. ஐவி இருந்திருந்தா உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டா. திருத்திப் போடு.’

ஈனிட் அன்றே திருத்தம் எழுதி அச்சுக்கு அனுப்பினார். அந்தத் தலைப்பைப் பற்றி அதற்குப் பிறகு புகார் எதுவும் வரவில்லை. நெல்லியின் கடிதம் வந்த நாள் 1979 நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை.