நேராகப் போகாத கேபிள்

பெரிய ஜெனரேட்டருக்குக் கேபிள் அளவு சொல்வதில் அந்த அம்மாளை அசைக்க ஆள் கிடையாது. எத்தனை கேவிஏ, எவ்வளவு தூரம், அறை எவ்வளவு சூடு என்று சொன்னால் போதும்; எந்தத் தடிமன், எத்தனை வரிசை என்று பதில் வந்து விழும். "கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்று இழுப்பவர்களிடம், "கரெண்ட்டுகிட்ட பேரம் பேசிட்டு வாங்க, நான் காத்திருக்கேன்" என்பார். அந்தக் கணக்கின்படி கேபிள் இழுப்பவர் அவருடைய வீட்டுக்காரர். நூல் மேஸ்திரி என்றால்தான் ஊருக்குத் தெரியும். நூல் பிடித்தாற்போல நேராக இழுப்பார். கோணல் என்றால் மனிதருக்கு ஆகவே ஆகாது.

ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் அறைகளுக்கு த்ரீ ஃபேஸ் ஜெனரேட்டர் வந்து இறங்கியது. எழுநூறு ஆம்பியரை ஒரே கேபிள் தாங்காது என்று அம்மாள் ஒவ்வொரு ஃபேஸுக்கும் இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரு வரிசை தரைக்குழி வழியாகச் சுற்றிப் போகும். மற்றது சுவரோரம் உயரத்தில் மாட்டிய கேபிள் டிரேயில், குறுக்கு வழி. இரண்டும் ஒரே நீளம் இருக்கவேண்டும், டிரேயில் மிஞ்சுவதை நெளித்து விடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மேஸ்திரிக்குக் கண் பொறுக்கவில்லை. மிச்சத்தை நறுக்கிப் போட்டுவிட்டார்.

சோதனைக்காக முழு லோடு ஏற்றினார்கள். அம்மாள் கரெண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தார். தரைக்குழிக் கேபிளில் இருநூற்றுத் தொண்ணூறு ஆம்பியர். டிரேயில் நானூற்றுப் பத்து. கரெண்ட்டும் நம்மைப் போலத்தான், குறுக்கு வழியில்தான் கூட்டம் கூடும். அந்தக் கேபிளோ முந்நூற்று எழுபதுக்கு மேல் தாங்காது. ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, நறுக்கிட்டீங்களா?"

"பின்ன, புழு மாதிரி நெளிய விடவா? என் கையால அப்படி ஒரு வேலை பண்ணதே இல்ல. சோதனைத் தாள்ல கையெழுத்தைப் போடும்மா. ஆளுங்க பாக்குறாங்க."

அதுதான் சங்கடம். மேஸ்திரி வேலையை இதுவரை யாரும் பிரிக்கச் சொன்னதில்லை. கட்டிய மனைவியே, அதுவும் அவருடைய ஆட்கள் முன்னால் சொல்வதா? அம்மாளுக்குக் கணக்கில் துளிச் சந்தேகமும் இல்லை. மனிதருக்கு மனசு விட்டுப்போகுமோ என்றுதான் பயம். ஆனால் உள்ளே ஆபரேஷன் நடக்கும்போது இந்தக் கேபிள் வெந்தால்?

"போட மாட்டேங்க. புதுசா இழுங்க."

மேஸ்திரி வெளியே போனார். ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் தானே ஏணியைத் தூக்கிவந்து, யாரையும் கூப்பிடாமல் கழற்ற ஆரம்பித்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

மறுபடி சோதித்தபோது இரண்டு வரிசையிலும் சரிபாதி ஓடியது. பார்க்க வந்த பெரிய டாக்டர் டிரேயை அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தார்.

"யாருப்பா இதை இப்படிக் கோணலா போட்டது?"

அம்மாள் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் சார். இதைவிட நல்லா நான் கேபிள் போட்டதே இல்ல."