கையை எடுங்கோ

எங்கள் காரில் கைப்பிறேக்குக்கு லீவர் கிடையாது, ஒரு பொத்தான்தான். அதை அமர்த்தினால் பின் சக்கரத்தில் இருக்கும் மோட்டார், ‘பாட்’ என்கிற பிறேக் கட்டையைச் சக்கரத்தின் இரும்புத் தட்டோடு இறுக்கும். எரிச்சல் பிடித்த சாமான். பாட் தேய்ந்துபோனதால், மோட்டாரைத் தளர்த்திவிட்டு, இணுவில் வீட்டு முற்றத்தில் நானே புதுசு போட்டேன். பொத்தானை அமர்த்திப் பார்க்க மனைவியைக் காருக்குள் இருத்தினேன்.

“அமத்து!” என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு கிளிப் நழுவ, யோசிக்காமல் விரலை உள்ளே விட்டேன். மோட்டார்ச் சத்தம் வரவில்லை.

“காது கேக்கேல்லையோ? அமத்தடி!”

அவள் இறங்கி என் பின்னால் வந்து நின்றாள்.

“முதல் கையை எடுங்கோ. விரல் போனால் பிறகு எதை நீட்டி என்னைப் பேசுவியள்?”

என் விரல் பிறேக் கட்டைக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவில் இருந்தது. எடுத்தேன்.

“பழைய காரிலை கல்லு எடுக்கேக்கையும் உப்பிடித்தான் கத்தினனியள்,” என்றாள்.

உண்மைதான். கலியாணம் முடித்த புதிதில் வைத்திருந்த காரில் கைப்பிறேக் வேலை செய்யாது. நிறுத்தினால் அவள்தான் சக்கரத்துக்குக் கல் வைப்பாள். புறப்படும்போது, அடியில் பிள்ளையோ நாயோ நிற்கிறதா என்று சுற்றிப் பார்த்த பிறகே கல்லை எடுப்பாள். நான் உள்ளேயிருந்து “ஆமை” என்று திட்டுவேன். சண்டிலிப்பாய்ச் சந்தியில் சனம் சிரிக்கும், அவளும் சிரிப்பாள்.

அதை மந்தம் என்றே இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து குனிந்து காரைச் சுற்றிவந்த அந்தப் பெட்டையை இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன்.