சேகர் வாங்கி வந்த கயிறு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஹுத்தான் மெலிந்தாங்கில் ஆற்றோரப் படகுத்துறை. என் மனைவியின் தம்பி சேகர், தன் பிக்கப் வண்டியின் பின்னாலிருந்து ஒரு கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நீலக் கயிறு. புத்தம் புதுசு. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரியவில்லை.

எதற்கு இது என்று கேட்டேன்.

"ஒங்க புது வண்டிய மேல இழுக்கத்தான் மச்சான். சும்மா ஸ்டேன்பை லா."

மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் கண் என் மேல் இல்லை. ஜெட்டித் தூணில் கட்டிக் கிடந்த என் படகின் மேல் இருந்தது. பெண் பார்க்க வந்தவன், நிச்சயமே முடிந்துவிட்ட மாதிரி பார்ப்பானே... அந்தப் பார்வை.

அதற்குக் காரணம் இருந்தது. காரணம் என் மனைவி சாந்தி. அவள் கொடுத்த வாக்கு.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரொம்பச் சின்னப் படகு. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஐந்தாவது ஆள் யோசித்துவிட்டு உட்கார வேண்டும். அலுமினிய உடம்பு, பின்னால் ஒரு குட்டி எஞ்சின். ஈப்போவில் எங்கள் வீட்டு முன்புறத்தில் டிரெய்லர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பூனைகளுக்கு அதுதான் மாடி.

எனக்கோ ஓரிடத்தில் கால் தரிக்காது. ஒரு மாதம் சேர்ந்தாற்போல் தரையிலேயே இருந்தால், எழுதுகிற வாக்கியம்கூடப் பாதியில் உட்கார்ந்துகொள்ளும். ஆற்றில் இறங்கிவிட்டால் போதும் — தண்ணீர் வெளிச்சத்தை உடைத்து உடைத்துப் படகுக்குள் வீசும். கண்டல் வேர்களுக்கு நடுவே கொக்குகள் வெள்ளைக் காற்புள்ளிகளாக நிற்கும். வாக்கியம் எழுந்து நடக்கும். இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறீர்களே, இதில் பாதி அந்தப் படகில் எழுதியதுதான்.

அந்தப் படகை இழுத்துப்போன எங்கள் பழைய வண்டி, ஒருநாள் கோப்பெங் சாலையோரத்தில் புகைவிட்டு நின்றுவிட்டது. பட்டறைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். உடனே மூடிவிட்டார். அவ்வளவுதான், புது வண்டி தேடும் படலம் ஆரம்பம்.

சேகரிடம் பதில் தயாராக இருந்தது. டீசல் பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கும். தன்னுடையதைப் போலவே ஒன்று. படகு வைத்திருக்கிறவனுக்கு வேறு வண்டியே கிடையாது என்றான். எனக்கும் ஆசைதான். உயரமாக உட்கார்ந்து, ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, பின்னால் படகு வர... அடடா! ஆனால் டீசல் விலை ஏறிய நாளிலிருந்து சேகர் எண்ணெய் ஊற்றும்போது மீட்டரைப் பார்ப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறான் என்பதையும் கவனித்திருந்தேன்.

சாந்தி தினமும் ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறவள். வண்டியை அதிகம் ஓட்டுவதும் அவள்தான். இரண்டு பெண் பிள்ளைகளை டியூஷன், நடன வகுப்பு என்று ஏற்றி இறக்குவதும் அவள்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"வருசத்துல எத்தன ஞாயிறு படகு தண்ணில எறங்குது? நான் எத்தன நாளு வேலைக்குப் போறேன்? தெனம் ஓடறதுக்குத்தான் வண்டி. படகு கூட வரட்டும்."

யோசித்துப் பாருங்கள்... நாம் தீபாவளிக்கு வருகிற கூட்டத்தை மனதில் வைத்துத்தானே சோபா வாங்குகிறோம்? மீதி நாளெல்லாம் அதில் மடிக்காத துணிதானே உட்கார்ந்திருக்கிறது?

ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினோம். படகு இழுக்குமா என்று நான் கேட்பேன். "போலே, பாஸ், போலே!" முடியும் முடியும் என்று எல்லா இடத்திலும் அதே பதில். ஒரு பையன் பின் சீட்டை மடக்கிக் காட்டி, படகை உள்ளேயே வைத்துவிடலாம் என்கிற அளவுக்குப் போனான். சாந்தி சிரிக்கவில்லை. எவ்வளவு எடை இழுக்கலாம் என்று வண்டி செய்தவர்கள் சொல்லியிருப்பார்களே, அதைக் காட்டு என்பாள். அங்கேதான் பல வண்டிகள் தலை கவிழ்ந்தன. சிலவற்றில் எதையுமே இழுக்கக் கூடாதாம்!

கடைசியில் ஒன்று அமைந்தது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுகிற ஹைப்ரிட், ஏழு பேர் உட்காரலாம், எண்ணெய் குடிப்பது குருவி குடிப்பது போல. அரை டன்னுக்குச் சற்று மேல் இழுக்க அனுமதி. சரி... எங்கள் படகு எவ்வளவு எடை?

ஒருவருக்கும் தெரியவில்லை. சேகருக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு டன், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்றான்.

கண்ணை மூட வேண்டாம், நிறுத்தே பார்த்துவிடலாம் என்றாள் சாந்தி. கோப்பெங் பக்கம், ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்து முகப்பில், பழக்குலை லாரிகளை நிறுக்கிற எடை மேடை இருக்கிறது. தெரிந்தவர்தான் நடத்துகிறார். சேகரின் பிக்கப்பிலேயே படகைக் கட்டிக் கொண்டுபோனோம். எண்ணெய் டின், நங்கூரம், ஐஸ் பெட்டி, எல்லாம் வழக்கம்போல உள்ளே. பிக்கப்பைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மட்டும் மேடையில் நிறுத்தினோம். எண் விழுந்தது. அரை டன்னைத் தாண்டி, வெகு தூரம் போய்விட்டது.

"நான் சொல்லல?" என்ற குரல் மேலேயிருந்து வந்தது.

நிமிர்ந்து பார்த்தோம். உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், நடுவில் சேகர். மூவரும் படகில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். லாரி நின்றால் ஏறி உட்கார்ந்துகொள்வது எங்கள் தோட்டத்து ஆட்களின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். எங்கே போகிறது என்றுகூடக் கேட்க மாட்டோம்.

"தம்பி, மொதல்ல எறங்கு. படகத்தான் நிறுக்க வந்தோம்," என்றாள் சாந்தி.

ஒவ்வொருவராக இறங்க இறங்க எண்ணும் இறங்கியது. அரை டன்னுக்குக் கீழே, நல்லபிள்ளையாக வந்து நின்றது. எடை மேடைக்காரர் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது.

சேகர் விடுவானா? "எட வேற, தொற வேற அக்கா. ஈரச் சரிவுல இந்தக் குருவி வண்டி படக மேல ஏத்துமா? அப்ப என்னையத்தான் கூப்புடுவ."

"கூப்புட்டா படகு ஒனக்கு," என்றாள் சாந்தி. என்னைக் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். "ஏங்க, நீங்க பேசாம இருங்க."

இருந்தேன்.

வண்டி வந்தது. கோயிலில் பூசை. குருக்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சாந்தி டிரெய்லரையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதற்கும் இரண்டு வையுங்கள் சாமி என்றாள். ஆறு பழமும் ஒரே இழுப்பில் நசுங்கின. நல்ல சகுனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி போன ஞாயிற்றுக்கு வருவோம். காலையில் தண்ணீர் நிறைந்திருந்தபோது படகை இறக்கிவிட்டோம். பிள்ளைகள் மீன் பிடித்தார்கள், நான் வாக்கியம் பிடித்தேன். மத்தியானம் திரும்பினால்... கடலோடு ஏறி இறங்குகிற ஆறு, வற்றிக் கீழே போயிருந்தது. துறையின் சரிவு முழுக்கப் பச்சைப் பாசி, அதன் மேல் சேறு. சாந்தி வெறும் டிரெய்லரோடு வண்டியைப் பின்னால் இறக்கினாள். வண்டியை இழுக்கிற முன் சக்கரங்கள் பாசியைத் தொட்டதும் ஒரு வழுக்கு, ஒரு கிறீச். அப்போதுதான் அந்த நீலக் கயிறு வெளியே வந்தது.

சாந்தி அதற்கு மேல் முறுக்கவில்லை. மெல்ல மேலேறி வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள்.

"என்னக்கா, தோத்தாச்சா?"

"தண்ணி ஏறட்டும். உக்காந்து சாப்புடு."

"இது ஏமாத்து லா!"

"மேல ஏத்துமான்னுதான கேட்ட? மணி சொல்லலையே."

சாப்பிட்டோம். சேகரும் சாப்பிட்டான், மடியில் கயிற்றோடு. ஜெட்டித் தூணின் கரும்பட்டையைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்தது. என் வாழ்க்கையில் எந்தக் கவிதையையும் அவ்வளவு பதற்றத்தோடு வரிவரியாக வாசித்ததில்லை. பாசி மறைந்தது. சேறு மறைந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த சிமெண்டின் காலடிக்கே ஆறு வந்து நின்றது.

சாந்தி எழுந்தாள். டிரெய்லரைப் பின்னால் தண்ணீருக்குள் விட்டாள் — வண்டியின் சக்கரங்கள் காய்ந்த தரையில். நான் படகைத் தள்ளி அதன் மேல் ஏற்றிக் கொக்கியை மாட்டினேன். சத்தமே இல்லை. பேட்டரியில் ஒரு மெல்லிய முனகல், அவ்வளவுதான். படகு தண்ணீர் சொட்டச் சொட்ட, ஊர்வலத் தேர் மாதிரி, நிமிர்ந்து மேலே வந்தது. கடல் மீன் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். நான் ஆடினேன். ஆமாம், இந்த வயதில்... ஆடினேன்!

சேகர் படகைப் பார்த்தான், கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். பின்னால் படகு இருந்தால் குருவிக்கும் தாகம் கூடுகிறது என்பது உண்மைதான். வீடு வந்து சேர்வதற்குள் எண்ணெய் முள் வழக்கத்தைவிட வேகமாகச் சாய்ந்தது. திங்கட்கிழமை பத்து காஜா சாலையில் மறுபடி பழைய சிக்கனம்.

அன்று துறையிலிருந்து புறப்படும்போது சாந்தி தம்பியிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது எங்கள் வீட்டுத் துணியெல்லாம் நீலக் கயிற்றில்தான் காய்கிறது.