ஓடைக்குப் போட்ட படிகள்

எங்கள் தோட்டத்து ஓடை காலையில் மட்டும்தான் தண்ணீராக ஓடும். பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் வெள்ளையாகிவிடும். சாயங்காலம் பார்த்தால் சாம்பல் நிறத்தில், ஓரமெல்லாம் நுரை கட்டிக்கொண்டு கிடக்கும். புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறி வருகிறவர்கள் எங்கள் லயத்து வீட்டு வரிசையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்கால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அது ரப்பர் தோட்டம். விடிய முன்னரே பால் வெட்டப் போகிறவர்கள், வெயில் ஏறிய பிறகு வாளி வாளியாகப் பாலைக் கொண்டுவந்து ஸ்டோரில் ஊற்றுவார்கள். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே பாலில் அசிட் கலந்து உறையவைத்து, மெஷினில் கொடுத்து மெல்லிய ரப்பர்ச் சீட்டாக இழுப்பார்கள். மிஞ்சிய தண்ணீரும் தொட்டி கழுவிய தண்ணீரும் கான் வழியாக நேரே ஓடையில் விழும். கெட்டுப்போன பாலும் அழுகிய முட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். நல்ல சேலை கட்டினாலும் அந்த நாற்றத்தையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும்.

ஓடையை ஒட்டித்தான் பிள்ளைக்காம்பரா இருந்தது. நான் அதில் ஆயம்மா. பால் வெட்டப் போகிற பெண்கள் அரைத் தூக்கத்தில் இருக்கிற பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அத்தனை பிள்ளைகளையும் குளிப்பாட்டி, பால்மா கரைத்துக் கொடுத்து, தூங்கவைக்க வேண்டும். குளிப்பாட்டுவதற்கு மலையிலிருந்து ஒரு பீலி வந்தது. அதில் நல்ல தண்ணீர் விழும். பிறகு மேலே இருந்த காட்டை வெட்டிச் சுத்தம்செய்து ரப்பர் கன்று நட்டார்கள். அந்த வருடம் கோடையில் பீலி நூல் மாதிரி இளைத்துப் போனது. ஒரு வாளி நிறைவதற்குள் ஒரு பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிவிடும்.

பக்கத்திலேயே ஓடை சலசலவென்று ஓடுகிறது, ஆனால் அதில் காலை வைக்க விடக் கூடாது. வைத்த பிள்ளைகளுக்குக் காலெல்லாம் சிரங்கு. எனக்குக் கோபம் சட்டென்று வரும், இப்போதும் அப்படித்தான். ஓடைப் பக்கம் போகிற பிள்ளையை ஓடிப்போய்த் தூக்கி, முதுகில் ஒன்று வைத்து, "அதுல கால வச்சா காலு அழுகிப் போயிரும், ஓடு" என்று விரட்டுவேன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான்.

அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு தோட்டத்தை நடத்தப் புதிதாக ஒரு இளந்தொரை வந்தார். சிங்கள ஆள், கொஞ்சம் சிரித்துப் பேசுவார். கீழேயுள்ள கிராமத்துக்காரர்கள் அவரிடம் வந்து, தோட்டத்துத் தண்ணீரால் வயல் கெட்டுப் போகிறது என்று சத்தம் போட்டார்கள். நாங்கள் அதே தண்ணீரின் கரையில் தலைமுறையாக உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் சத்தம் போட்டதில்லை. கிராமத்துக்காரர்கள் கேட்டதால்தான் எங்களுக்கும் ஒரு வழி பிறந்தது. அதற்கு நன்றி சொல்வதா ரோசப்படுவதா என்று எனக்கு அப்போதே தெரியவில்லை.

தொரை கொழும்பிலிருந்து ஒரு நோனாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். படித்த சிங்களப் பெண், இளம் வயது, பாட்டா செருப்பு, தோளில் ஒரு பை. என்ன வேலை பார்க்கிற நோனா என்று, எங்களிடம் வேலை வாங்குகிற கண்டக்டரிடம் கேட்டோம். "நெலத்துக்கும் தண்ணிக்கும் பிளான் போடுறவங்க. தோட்டம் போட்டுத் தருவாங்க" என்றார். இருக்கிற தோட்டத்திலேயே வேலை செய்து முடியவில்லை, இதற்குள் இன்னொரு தோட்டமா என்று லயத்தில் சிரித்தார்கள்.

நோனா ஓடையோரம் முழுக்க நடந்தார். அட்டை கடித்த காலோடு பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து உட்கார்ந்தார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் என்னிடமே விளக்கிச் சொன்னார். ஸ்டோர்த் தண்ணீரை நேரே ஓடையில் விடாமல், ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்கள் வெட்டி நிறுத்தி நிறுத்தி இறக்க வேண்டுமாம். குளத்தில் கொஹிலச் செடியும் கோரையும் நட வேண்டும், கரையில் கும்புக் என்கிற மருத மரம் வைக்க வேண்டும். வேர்கள் அழுக்கைப் பிடித்துக்கொள்ளுமாம். கடைசிக் குளத்தைத் தாண்டி வருவது நல்ல தண்ணீராக இருக்குமாம். செடி நட்டு நாற்றத்தைப் போக்குவதா என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பிறகு அவர் ஒன்று கேட்டார். "உங்களுக்கு இந்த இடத்தில் என்ன வேண்டும்?"

நான் திருதிருவென்று முழித்தேன். அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததிலிருந்து அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பக்கத்தில் தொரை வேறு நின்றார். "நோனாவுக்கு எப்படிச் சரியோ அப்படி" என்றேன். அவர் விடவில்லை, திரும்பவும் கேட்டார். வாய் தவறி வந்ததா, வயிற்றிலிருந்து வந்ததா தெரியாது, "பிள்ளைகள் பயமில்லாமல் இறங்கிக் குளிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். நோனா எழுந்துபோய், அங்கே நின்ற ஒரு சிறுமியின் முழங்காலுக்குப் பக்கத்தில் கையை வைத்து உயரம் பார்த்தார். அந்த உயரத்துக்கும் குறைவாகப் படி வைப்பேன் என்றார். சொன்னபடியே கடைசிக் குளத்துக்குக் கீழே ஓடைக்குள் இறங்குகிற மாதிரிக் கருங்கல் படிகள் போடவைத்தார். அவ்வளவு சின்னப் படிகளை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

என்னிடம் கேட்ட மாதிரியே காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்திலும் எல்லோரிடமும் கேட்டார். இங்கே மூங்கில் வேலி வைக்கலாமா, அங்கே குளம் வெட்டலாமா, இந்தப் பாதையை மூடலாமா. எல்லோரும் "ஹரி நோனா, ஹரி நோனா" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டினார்கள். சனங்களின் சம்மதத்தோடுதான் செய்கிறேன் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஆபீஸ் பக்கத்திலிருந்து வருகிற கேள்வி எங்கள் காதில் கேள்வியாக விழுவதே இல்லை என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருகிறீர்களா என்று கண்டக்டர் கேட்டால், வா என்று அர்த்தம். அவ்வளவுதான்.

மூடிய பாதை, பால் வாளி தூக்குகிற பெண்கள் ஸ்டோருக்குப் போகிற குறுக்குப்பாதை. மூங்கில் வேலி வந்ததும் அவர்கள் தலையில் வாளியோடு மலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பால் சிந்தியது, கழுத்து வலித்தது, வீட்டில் சண்டை வந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த முறை வந்த நோனா அவர்கள் வரிசையாகச் சுற்றிப் போவதைப் பார்த்துவிட்டு, ஏன் அந்த வழியாகப் போகிறார்கள் என்று என்னைக் கேட்டார். வாளி தூக்கிவந்த ஒரு அக்காவை நிறுத்தி, நீயே சொல்லு என்றேன்.

"பாதைய மூடிட்டீங்களேங்க" என்றாள் அந்த அக்கா.

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். மூடலாமா என்று கேட்டேனே என்றார் நோனா.

"கேட்டீங்க, நாங்களும் சரின்னு சொன்னோம். நோனா கேட்டா வேறென்னங்க சொல்றது?" என்றாள் அக்கா.

நோனா அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். வேறு என்னவெல்லாம் நாங்கள் வேண்டாமலே சரி என்று சொல்லியிருக்கிறோம் என்று கேட்டார். அதற்குப் பிறகு லயத்தில் அதைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். எது நிஜமான சரி, எது ஆபீஸுக்குச் சொன்ன சரி என்று சொன்னவர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூங்கிலை மட்டும் ஓரிடத்தில் வெட்டிப் பாதையைத் திறந்துவிட்டார்கள்.

குளங்கள் நிறைந்ததும் நாற்றம் குறையும் என்று பார்த்தால் இரண்டு மடங்கானது. தேங்கிய தண்ணீர் குமிழி விட்டது. ராத்திரி கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்தது. லயத்தில் எல்லோரும் நோனாவைத் திட்டினார்கள், எனக்கும் சேர்த்து விழுந்தது. அவர் வந்த அன்று நான் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "முன்னே நாற்றம் ஓடிப் போய்விடும் நோனா. இப்போது இங்கேயே குடிவந்துவிட்டது."

அவர் கோபப்படவில்லை. சுண்ணாம்பு போடச் சொல்கிறேன், வேர் பிடிக்கட்டும், மழை வரட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுப்பதற்கு எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அவர் முகத்தில் தெரிந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

அந்தக் காலத்தில்தான் லயத்திலிருந்து ஆட்கள் போகத் தொடங்கினார்கள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் பாஸ்போட் வந்தது. கலவரம் நடந்த வருடத்துக்குப் பிறகு, எழுதிக் கொடுக்காதவர்களும் வடக்கே வவுனியாப் பக்கம் போனார்கள். ஒரு காம்பராவில் விளக்கு அணைந்தால் அடுத்த மாதம் பக்கத்துக் காம்பராவில் அணையும். பால் வெட்ட ஆளில்லாமல் மேட்டு மலை அப்படியே கிடந்தது. ஸ்டோரில் தினமும் ஓடிய மெஷின் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓடியது. காலையில் என் பிள்ளைக்காம்பராவுக்கு வருகிற பிள்ளைகளும் குறைந்துகொண்டே வந்தார்கள். பீலித் தண்ணீரே போதும் என்கிற நிலைமை வந்துவிட்டது.

ஓடையும் தெளிந்துகொண்டு வந்தது. முதலில் நான் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீருக்கடியில் கூழாங்கல் தெரிந்தது. இன்னொரு நாள் குட்டி மீன்கள் வந்தன. கும்புக் கன்றுகள் என் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. நாற்றம் எப்போது போனது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. போகிறவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுப்பதிலும் அழுவதிலும் இருந்தபோது அதுவும் எங்களிடம் சொல்லாமலே போயிருக்கிறது.

வெகு நாளைக்குப் பிறகு நோனா வந்தார். நேரே ஓடைக்குப் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தார். "பலன்ன, கந்தக் நே" என்று சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மணமே இல்லை, பார் என்கிறார். கண்ணில் தண்ணீர் நின்றது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்கள் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் ஒரே ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். போய்விட்டார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. பால் வெட்ட ஆளில்லை, ஸ்டோர் பாதி நாள் மூடிக் கிடக்கிறது, கானில் முன்னைப் போல் எதுவும் வருவதில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து குளங்களைப் பார்த்தார், கும்புக் மரங்களைப் பார்த்தார், பிறகு புகை வராத ஸ்டோரைப் பார்த்தார்.

"அப்படியென்றால் இந்தத் தண்ணீரைச் சுத்தமாக்கியது நானா, இல்லை அவர்கள் போனதா?"

"தெரியவில்லை நோனா" என்றேன். அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. வேர் பிடித்ததும் ஆட்கள் போனதும் ஒரே காலத்தில் நடந்தன. அவர் செய்தது நல்ல காரியம்தான் என்று ஒரு மனம் சொல்கிறது. நாங்கள் இருந்ததுதான் அழுக்கா என்று இன்னொரு மனம் கேட்கிறது. அந்தக் கேள்வி வந்தால் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே விளங்குவதில்லை.

நோனா பிள்ளையின் பக்கம் குனிந்தார். பிறகு, இந்தப் பிள்ளையாவது இறங்கட்டுமே என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவர் குரல்.

நான் அவளைப் படியருகே கொண்டுபோய் விட்டேன். நாலு வயதிருக்கும். அவளுடைய அம்மாவுக்கும் பாஸ்போட் வந்து, பெட்டி கட்டியாகிவிட்டது. முதல் படி அவள் முழங்காலுக்கும் கீழே, அவளுக்கென்றே அளந்து வைத்த மாதிரி இருந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். "எறங்கு சாமி, ஒண்ணும் ஆகாது" என்றேன். என் சேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். மீனைக் காட்டினேன், பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயம் தெளியட்டும் என்று அவள் கையை விடுவித்துவிட்டு, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பிறந்ததிலிருந்து அந்தக் கரையிலேயே இருந்தவள், அன்றுதான் அந்தத் தண்ணீரில் கால் வைத்தேன். அவ்வளவு குளிர்ச்சி. அடிவரைக்கும் தெரிந்தது. சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

அவள் கரையில் நின்று அழத் தொடங்கினாள். "ஆயம்மா, வெளிய வாங்க. காலு அழுகிப் போயிரும், வந்துருங்க."

நோனா என்னைப் பார்த்தார். அவருக்கு அவள் சொன்னது புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. பிள்ளையின் அழுகை அதிகமானது. நான் வெளியே வந்துவிட்டேன்.